ஜல்லியாக்கினால் தொழில், பொறுக்கினால் திருட்டா?

போன மாசம் என்கிட்ட இருந்து ஒரு கல்லைப் பறிமுதல் பண்ணிட்டாங்க. சிரிக்காதீங்க மக்களே, நிஜமாத்தான்.

உத்திரமேரூர் பக்கம் நண்பன் வீட்டு விசேஷத்துக்குப் போயிட்டு ஒரகடம் திரும்பிக்கிட்டிருந்தோம். வழியில ஒரு மூடிப்போன கல்குவாரி. உள்ளே இறங்கவில்லை. அந்தப் பள்ளத்தைப் பார்த்தாலே வயிறு கலங்கும். ரோட்டோரம் கொட்டிக் கிடந்த உடைசலில் உள்ளங்கை அளவு கல் ஒன்று கண்ணில் பட்டது. கரும்பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். நடுவில் மிளகு மிளகாகச் சிவப்புப் புள்ளிகள். கார்னெட்! (நவரத்தினத்தில் கோமேதகம் என்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.) எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது காவலாளி வந்தார்.

"என்ன தம்பி கையில?"

"கல்லுண்ணே."

"அது கவர்மெண்டு கல்லு தம்பி. வெச்சிட்டுப் போங்க."

கொடுத்தேன். பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கிரஷருக்குப் போக ஒரு டிப்பர் நின்றிருந்தது. அண்ணன் அந்தக் கல்லைத் தூக்கி அதில் போட்டார். அரசாங்கச் சொத்து பத்திரமாகக் காப்பாற்றப்பட்டது. அன்று சாயங்காலத்துக்குள் அது முக்கால் ஜல்லி ஆகியிருக்கும்.

அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருக்குச் சொல்லப்பட்டதை அவர் செய்தார். என் சண்டை அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்த லாஜிக்கோடுதான். அதாவது, ஒரு மலையையே உடைத்து ஜல்லியாக்கினால் அது தொழில், வளர்ச்சி, வேலைவாய்ப்பு. அதே மலையின் உடைசலில் ஒரே ஒரு கல்லை எடுத்து, கழுவி, இன்ன ஊரில் கிடைத்தது என்று எழுதி அலமாரியில் வைத்தால் அது திருட்டு!

"நீ பி.காம். படிக்கிறவன், உனக்கும் கல்லுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று வகுப்பில் கேட்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. வருகிறேன்.

முதலில் நம்ம ஏரியா கல்லின் பெருமை. இந்தப் பக்கம் தினம் பார்க்கும் கருங்கல்லில் பெரும்பகுதிக்கு சார்னகைட் என்று பெயர். உலகம் முழுக்க புவியியல் படிக்கிறவன் எவனாக இருந்தாலும் இந்தப் பெயரைத் தாண்டாமல் போக முடியாது. 1893ல் தாமஸ் ஹாலண்ட் என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் வைத்த பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லறைக் கல்லும் நம்ம பல்லாவரம், பரங்கிமலைக் கல்லும் ஒரே ரகம் என்று கண்டுபிடித்து, அந்த ஆள் பெயரையே வைத்துவிட்டார். அண்டார்டிகாவில் இதே ரகக் கல் கிடைத்தாலும் அதற்கு சார்னகைட் என்றுதான் பெயர். மூல இடம் நம்ம பரங்கிமலை. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை (ஜி.எஸ்.ஐ.) அதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் என்று அறிவித்தும் இருக்கிறது. வண்டலூர் ரோட்டில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே போன வருஷம் வரை தெரியாது.

இன்னொன்று. 1863 மே 30. ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற ஜி.எஸ்.ஐ. ஆள் பல்லாவரத்தில் ஒரு சரளைக்கல் குழியில் கிடந்த கல் ஒன்றைக் குனிந்து எடுத்தார். அது ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி. இந்தியாவின் தொல்பழங்கால ஆராய்ச்சியே அந்த ஒரு கல்லில் இருந்துதான் ஆரம்பிக்கிறது. அதே வருஷம் அத்திரம்பாக்கமும் கண்டுபிடிக்கப்பட்டது. வாழ்நாள் முழுக்க அவர் சேர்த்ததை 1904ல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. யோசித்துப் பாருங்கள்: குழி வெட்டியது கல்லுக்காக. வெட்டியவனுக்கு அது வெறும் சரளை. பொறுக்கியவனுக்குத்தான் அது சரித்திரம். அன்றைக்கு அந்தக் குழி ஓரத்தில் நம்ம காவலாளி அண்ணன் நின்றிருந்தால்?

எழும்பூர் மியூசியமே அப்படிப் பிறந்ததுதான். 1851ல் அது தொடங்கப்பட்டபோது முதல் சொத்து சோழர் காலச் செப்புச் சிலை இல்லை சாமி. மதராஸ் இலக்கியச் சங்கத்திடமிருந்து வந்த சுமார் 1,100 கல், கனிம மாதிரிகள். யாரோ ஊர் ஊராகப் பொறுக்கியவை.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரு புராணம் உண்டு. ராமானுஜர் பிறந்த ஊர், ராஜீவ் காந்தி இறந்த ஊர், கார் கம்பெனி ஊர். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். புவியியல் புத்தகங்களில் 'ஸ்ரீபெரும்புதூர் படிவுகள்' என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. டைனோசர் காலத்துச் செடிகளின் இலைகள் களிமண் பாறையில் அச்சு அச்சாகப் பதிந்திருக்கும் படிவு. ஃபைஸ்ட்மான்டல் என்பவர் 1879ல் இந்தச் செடிகளைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பாறைகளின் மேல்தான் நாம் இப்போது பேக்டரி ஷெட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறோம். தோண்டின மண்ணை ஏரி ஓரத்தில் கொட்டுகிறோம். அதில் இருப்பதைப் பார்க்க ஒருத்தரும் இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். இப்போது பி.காம். மூளையோடு பேசுகிறேன்.

ஒரு குவாரிக்கு ஐந்தொகை போட்டால் சொத்துப் பக்கத்தில் என்ன வரும்? ஜல்லி, சிப்ஸ், எம்-சாண்ட். எல்லாம் யூனிட் கணக்கு. நூறு கன அடி ஒரு யூனிட். அந்த நூறு கன அடிக்குள் ஒரு அருமையான படிகம் இருந்தாலும் கணக்கில் அதுவும் ஜல்லிதான். மதிப்பைக் காட்ட வேறு கலமே இல்லாத கணக்குப் புத்தகம் இது. கணக்கில் காட்டப்படாத சொத்துக்கு என்ன ஆகும்? தொலையும். அதைத் தொலைத்ததாகக்கூட எந்த ரிஜிஸ்டரிலும் வராது.

இது கற்பனை இல்லை. மகாராஷ்டிரத்தைப் பாருங்கள். சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன் ஓடிய எரிமலைக் குழம்பு இறுகித் தக்காணப் பாறை ஆனது. அதன் காற்றுக்குமிழி ஓட்டைகளில் வெந்நீர் புகுந்து மெதுவாகப் படிகங்களை வளர்த்தது. பச்சை அபோஃபிலைட், இளஞ்சிவப்பு ஸ்டில்பைட், புனே அருகே வாகோலி குவாரியின் அடர்நீல கேவன்சைட். உலகின் பெரிய மியூசியங்களில் கனிமக் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தால் 'இந்தியா' என்ற சீட்டு இல்லாமல் இருக்காது. இவற்றில் பெரும்பாலானவை யாரும் தேடித் தோண்டியவை அல்ல. ரோட்டுக்கு ஜல்லி உடைக்கும்போதும், கிணறு வெட்டும்போதும், ரயில் பாதைக்கு மலையைக் குடையும்போதும் வெளியே வந்தவை. யாரோ ஒருவர் "இரு, அதை உடைக்காதே" என்று சொன்னதால் மிஞ்சியவை. சொல்லாததால் போனது எத்தனையோ!

இப்படிச் சொல்லிக்கொண்டே இருந்த ஒருவர்தான் கிருஷ்ண சந்திர பாண்டே. கடற்படையில் இருந்தவர். நாசிக் பக்கம் சின்னாரில் 'கார்கோட்டி' என்று கனிம மியூசியமே கட்டிவிட்டார். அது இருக்கும் இடம் தெரியுமா? அவர்கள் மாநில சிப்காட்டில்! தொழிற்பேட்டைக்கு நடுவில், கம்பெனிகளுக்கு மத்தியில். அங்கே முடிந்தது ஒரகடத்தில் ஏன் முடியாது என்று கேட்டால் "தம்பி, மொதல்ல அரியர் கிளியர் பண்ணு" என்கிறார்கள் :-)

இனி எதிர்த்தரப்பு. அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: சட்டம். 1957ம் வருஷத்து சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டப்படி அனுமதி இல்லாமல் சுரங்கத் தொழில் செய்யக்கூடாது. 2015ல் திருத்தி, மீறினால் ஐந்து வருஷம் வரை சிறை என்று கடுமையாக்கினார்கள். நல்ல விஷயம். ராத்திரியோடு ராத்திரியாக ஆற்று மணலை அள்ளுகிறவனுக்கு இதுவும் போதாது. ஆனால் இந்தச் சட்டம் மனிதர்களை இரண்டே ஜாதியாகப் பார்க்கிறது. குத்தகைக்காரன், திருடன். நடுவில் ஒருத்தன் இருக்கிறான். அவனிடம் பொக்லைன் இல்லை, வெடி இல்லை, டிப்பர் இல்லை. ஒரு சுத்தியல், ஒரு பழைய நியூஸ்பேப்பர், ஒரு பேனா. அவனுக்கு என்று ஒரு படிவம், ஒரு கட்டணம், ஒரு ரசீது எதுவும் கிடையாது. ரசீதுக்கு வழி இல்லாத இடத்தில் எல்லாரும் திருடன்தான். இது என் கண்டுபிடிப்பு இல்லை, வணிகவியலின் பாலபாடம்.

2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் புவிமரபுச் சின்னங்களைப் பாதுகாக்க ஒரு வரைவு மசோதா வெளியிட்டது. நோக்கம் நல்லது. ஆனால் நம்மூரில் பாதுகாப்பு என்றாலே பூட்டு என்றுதான் அர்த்தம். பூட்டு போட்டபின் உள்ளே இருப்பதை யார் பார்ப்பது?

இரண்டாவது வாதம்: ஆபத்து. இதை நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். கைவிட்ட குவாரிக் குட்டைகளில் ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகள் மூழ்கிச் சாகிறார்கள். ஆழம் தெரியாது, விளிம்பு செங்குத்து, பிடித்து ஏற வழி இருக்காது. நிலத்தடிச் சுரங்கம் இன்னும் மோசம். கூரை எப்போது விழும் என்று தெரியாது, காற்று விஷமாக இருக்கும். அதனால் இதைப் படித்துவிட்டு யாராவது "வாடா மச்சி, குவாரில குதிப்போம்" என்று கிளம்பினால், தயவுசெய்து வேண்டாம்.

ஆனால் ஆபத்து என்ற வார்த்தை இங்கே யாருக்கு மட்டும் பொருந்துகிறது என்று கவனியுங்கள். மாங்காடு பக்கம் சிக்கராயபுரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கைவிட்ட குவாரிகள். 2017 வறட்சியில் மெட்ரோவாட்டர் அங்கிருந்துதான் தண்ணீர் இறைத்து, செம்பரம்பாக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரித்து, சென்னைக்குக் கொடுத்தது. 2019லும் கைகொடுத்தது அந்தக் குழிகள்தான். தேவை என்று வந்ததும் பம்பு வந்தது, பைப் வந்தது, பாதுகாப்பும் வந்தது. ஆக, மூடிய குவாரியை ஒழுங்காகப் பயன்படுத்த நமக்குத் தெரியும். தண்ணீரில் அவசரம் தெரிந்தது, கல்லில் தெரியவில்லை. அம்புட்டுதான்.

வெளியூர் உதாரணம் வேண்டுமா? அமெரிக்காவில் நியூ ஜெர்சி. ஃபிராங்க்ளின் துத்தநாகச் சுரங்கம் 1954ல் மூடப்பட்டது. பக்கத்து ஸ்டெர்லிங் ஹில் 1986ல். இரண்டு இடத்திலுமாக 350க்கும் மேற்பட்ட கனிம வகைகள். புற ஊதா விளக்கு அடித்தால் சிவப்பும் பச்சையுமாக ஒளிரும் கற்கள். மூடியபின் என்ன செய்தார்கள்? ஸ்டெர்லிங் ஹில் 1990ல் மியூசியமாகத் திறக்கப்பட்டது. ஃபிராங்க்ளினில் பழைய கழிவுக்கல் மேட்டை வேலி போட்டு, டிக்கெட் வைத்து, பொறுக்க விடுகிறார்கள். எடுத்த கல்லை எடைபோட்டுக் காசு. குடும்பம் குடும்பமாக வந்து பொறுக்குகிறார்கள். யாரும் நிலத்தடியில் இறங்குவதில்லை. கழிவு மேட்டில் இருந்து வருமானம்! எந்த காஸ்ட் அக்கவுன்டிங் வாத்தியாரும் இதைக் கேட்டால் கண்கலங்கிவிடுவார்.

இங்கே கோலார் தங்கவயலை நினைத்துப் பாருங்கள். வட ஆற்காட்டில் இருந்தும் சேலத்தில் இருந்தும் போன நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சுரங்கம். மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். 1965ல் அங்கே பூமிக்கடியில் நியூட்ரினோவைக் கூடப் பிடித்தார்கள். 2001 பிப்ரவரி 28ல் இழுத்து மூடினார்கள். மிச்சம் சுமார் 3.3 கோடி டன் சயனைடு மண்மேடு. காற்றடித்தால் ஊருக்குள் பறக்கும் தூசி. அந்த ஆழத்தில் இருந்து தங்கள் கையால் கல் கொண்டுவந்தவர்களின் பேரனுக்கு, தாத்தா வெட்டிய ரீஃபின் ஒரு துண்டு வீட்டில் வைக்க உரிமை உண்டா என்று கேட்டால் முறையான வழி கிடையாது. தூசியைச் சுவாசிக்க மட்டும் அனுமதி தேவையில்லை.

மூன்றாவது வாதம்: காசு. "கல்லுக்கு விலை வந்தால் எல்லாரும் உளியோடு வந்துவிடுவார்கள். சூறையாடல்தான் நடக்கும்." இதுதான் உண்மையிலேயே கனமான வாதம். மகாராஷ்டிரத்திலேயே பாருங்கள். வியாபாரிகள் நல்ல இடத்தை மறைப்பதற்காகவோ சோம்பேறித்தனத்தாலோ எல்லாக் கல்லுக்கும் 'பூனா' என்றோ 'ஜல்கான்' என்றோ பொதுவாகச் சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். நூறு கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்ததும் பூனாதான். இது கல்லை உடைப்பதற்குச் சமம் என்பேன். ஏனென்றால், ஊர்ப்பெயர் இல்லாத கல் வவுச்சர் இல்லாத என்ட்ரி. தொகை அழகாக இருக்கும், ஆடிட்டில் நிற்காது. எந்த ஊர், எந்தக் குவாரி, எந்த ஆழம், எந்தத் தேதி: இந்த நாலு வரி இருந்தால்தான் அது அறிவு. இல்லையென்றால் அலங்காரம்.

நம்ம படியூர் கதையே சாட்சி. காங்கயம் பக்கம் படியூரில் பெரில் கல், அதிலும் கடல்நீல அக்வாமரின் கிடைத்தது. பெரிலின் தாயகம் இந்தியா என்று ரோமானியர் பிளினி எழுதிவைத்தார். பக்கத்துக் கொடுமணலில் 1980களில் இருந்து நடந்த அகழாய்வுகளில் மணி செய்த பட்டறைகளே வெளிப்பட்டன. கோவை வட்டாரத்தில் புதையல் புதையலாக ரோமக் காசுகள். அப்புறம் 1819–20ல் ஹீத் என்ற ஆங்கிலேயர் படியூர்ச் சுரங்கத்தைக் குத்தகை எடுத்து 2,196 கற்கள் எடுத்தார். எண்ணிக்கை கெசட்டியரில் துல்லியமாக இருக்கிறது. வணிகக் கணக்கு கச்சிதம்! ஆனால் பட்டை தீட்டி மோதிரத்தில் ஏற்றிய கல் தன் ஊரைச் சொல்லாது. படியூர்க் கல் பார்க்க வேண்டும் என்று இன்றைக்கு ஒரு காங்கயத்துப் பள்ளிப் பிள்ளை கேட்டால், நாம் எங்கே கூட்டிக்கொண்டு போவது?

ஆகவே என் நிலை இது. விற்பது பாவம் இல்லை. மறைப்பதுதான் பாவம். காசைத் தடுக்க நினைத்து எல்லாவற்றையும் தடை செய்தால் நேர்மையானவன் வீட்டுக்குப் போவான், கள்ளன் ராத்திரி வருவான். ஜல்லி கிரஷர் மட்டும் பகலில் நிம்மதியாக ஓடும்.

'குறை சொல்றியே, தீர்வு என்ன?' என்பவர்களுக்கு, என் சிற்றறிவுக்கு எட்டியது:

ஒன்று. பெரிய கனிமச் சுரங்கங்களுக்கு மூடல் திட்டம் கொடுக்கவேண்டும் என்ற விதி 2003லேயே வந்துவிட்டது. மரம் நடுவது, பள்ளம் மூடுவது எல்லாம் அதில் உண்டு. அதோடு ஒரு பக்கம் சேருங்கள்: இந்தச் சுரங்கத்தில் என்னென்ன கனிமம் இருந்தது, ஒவ்வொன்றிலும் நல்ல மாதிரி எந்த மியூசியத்தில் ஒப்படைக்கப்பட்டது. கல்குவாரிகளுக்கும் இதையே வையுங்கள்.

இரண்டு. மூடிய குவாரியின் மேல்மட்டக் கழிவுக் குவியலில் மட்டும், குறிப்பிட்ட நாட்களில், மேற்பார்வையோடு, கட்டணம் கட்டிப் பொறுக்க அனுமதி. கைச்சுத்தியலுக்கு மேல் எதுவும் கூடாது. ஒரு ஆளுக்கு இத்தனை கிலோ என்று அளவு. பள்ளத்துக்குள் யாரும் இறங்கக்கூடாது. ரசீதில் ஊர், தேதி கட்டாயம். அபூர்வமானது கிடைத்தால் முதல் உரிமை அரசு மியூசியத்துக்கு. கண்டெடுத்தவர் பெயர் சீட்டில் வரவேண்டும். தொல்லுயிர் எச்சம், கற்கருவி கிடைத்தால் கை வைக்காமல் தகவல் சொல்லவேண்டும். ஃபுட் காலத்து வழக்கம் இன்றைக்குச் செல்லாது.

மூன்று. சிப்காட் வளாகத்தில் எங்காவது ஒரே ஒரு ஹால். பரங்கிமலை சார்னகைட், ஸ்ரீபெரும்புதூர் இலை அச்சு, சித்தம்பூண்டி குருந்தம். (ஆங்கிலத்து 'கொரண்டம்' நம்ம குருந்தத்தில் இருந்து போன வார்த்தை. அதே சித்தம்பூண்டிப் பாறையை அரைத்துத்தான் இஸ்ரோ சந்திரயான்-2 சோதனைக்கு நிலா மண் தயாரித்தது.) ஷிப்ட் முடிந்து வருகிற தொழிலாளி தன் பிள்ளையைக் கூட்டிவந்து காட்ட ஒரு இடம்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு" என்று கடைசியாக ஒரு அஸ்திரம் வரும். ஆனந்த குமாரசுவாமியைக் கலை விமர்சகராகத்தான் நமக்குத் தெரியும். கொழும்புத் தமிழர் சர் முத்து குமாரசுவாமியின் மகன். நடராஜர் பற்றி எழுதுவதற்கு முன்னால் அவர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? இலங்கைக் கனிம ஆய்வுத்துறையின் முதல் இயக்குநர். செரண்டிபைட் என்ற புதுக் கனிமத்தை உலகுக்கு விவரித்த இருவரில் ஒருவர். ஊர் ஊராக நடந்து கல் பொறுக்கியவர்தான் பின்னாளில் சிலையைப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார்.

நாம் இந்தத் தொழிற்பேட்டையில் வளர்ந்த பிள்ளைகள். இந்த ரோடும் ஷெட்டும் வேலையும் வேண்டாம் என்று சொல்லும் அயோக்கியத்தனம் எனக்கு இல்லை. ஜல்லி வேண்டும். மலையின் விலையும் தெரிந்துதான் ஜல்லி வாங்குகிறோம். ஆனால் மலை போனபின் "இங்கே என்ன இருந்தது?" என்று யாராவது கேட்டால் காட்ட ஒரு கல்லாவது கையில் வேண்டாமா?

என்னுடையது இப்போது ஏதோ ஒரு பில்லரின் கான்கிரீட்டுக்குள் இருக்கிறது. சிவப்புப் புள்ளிகளோடு. சீட்டு இல்லாமல்.